காலையில் புளிக்கும் இலை

ரணகள்ளிச் செடியைப் பார்த்திருப்பீர்கள். இலை தடிப்பாக இருக்கும். ஓரம் வெட்டுவெட்டாக இருக்கும். ஓர் இலையைக் கிள்ளி ஈர மண்ணில் போட்டால் போதும். அந்த ஓரத்தில் இருந்து குட்டிக் குட்டிச் செடிகள் முளைக்கும். இலையை நூலில் கட்டித் தொங்கவிட்டாலும் முளைக்கும். அதனால் சில ஊர்களில் இதற்குக் 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்றே பெயர்.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் இந்த இலையை மென்று பார்த்தார். அவர் பெயர் பெஞ்சமின் ஹைன். ஜெர்மனி நாட்டுக்காரர். இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செடிகொடிகளை ஆராய்ந்தவர்.

காலையில் மென்றார். இலை நன்றாகப் புளித்தது. வெயில் ஏற ஏறப் புளிப்பு குறைந்தது. நண்பகலில் இலையில் ஒரு சுவையும் இல்லை. மாலையில் லேசாகக் கசந்தது.

ஒரே செடி. ஒரே நாள். மூன்று சுவை. இதை அவர் லண்டனில் இருந்த ஒரு தாவர அறிஞருக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதம் 1815-ல் அச்சில் வந்தது.

(நீங்கள் மென்று பார்க்க வேண்டாம். இந்தச் செடியில் நஞ்சு உண்டு. இதைத் தின்ற மாடுகள் செத்திருக்கின்றன.)

புளிப்பு எங்கிருந்து வந்தது? எங்கே போனது?

இலையில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் உண்டு. அவைதாம் இலையின் வாசல்கள். காற்றில் உள்ள கரியமில வாயு இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போகும். அந்த வாயுவில் கரி இருக்கிறது. செடி அந்தக் கரியையும் தண்ணீரையும் சேர்த்து, வெயிலின் உதவியால் சர்க்கரை செய்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் வாசலைத் திறக்கும். இரவில் மூடும்.

ரணகள்ளி சிக்கனமான செடி. பகலில் வாசலைத் திறந்தால் உள்ளே உள்ள தண்ணீர் ஆவியாகப் போய்விடும். ஆகவே இரவில்தான் திறக்கும். அப்போது வெயில் இல்லையே, சர்க்கரை செய்ய முடியாதே! வந்த கரியை ஒரு புளிப்புப் பொருளாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. ஆப்பிள் பழத்தில் புளிப்பைத் தருவதும் இதே பொருள்தான். பெயர் மாலிக் அமிலம். விடிந்ததும் வாசலை மூடிவிட்டு, சேர்த்து வைத்ததை எடுத்துச் சர்க்கரை செய்கிறது. அதனால் காலையில் புளிப்பு, பகலில் இல்லை. பிரண்டை, சப்பாத்திக்கள்ளி, சோற்றுக்கற்றாழை, அன்னாசி எல்லாம் இந்த வகைதான்.

கரி ஒரு தனிமம். தங்கம், இரும்பு, செம்பு ஆகியவையும் தனிமங்களே. வேறு பொருளாகப் பிரிக்க முடியாத அடிப்படைப் பொருளைத் தனிமம் என்கிறோம். நாம் தழைச்சத்து என்று சொல்வது நைட்ரஜன் என்ற தனிமம். மணிச்சத்து பாஸ்பரஸ். சாம்பல் சத்து பொட்டாசியம். இவையும் செடிக்குள் ஒரே இடத்தில், ஒரே அளவில் உட்கார்ந்திருப்பதில்லை. பொழுதுக்குத் தக்கபடி ஏறுகின்றன, இறங்குகின்றன, வேறு பொருளாக மாறுகின்றன. வேரைச் சுற்றியுள்ள மண்ணிலும் இதே கதைதான்.

இதைத் தெரிந்து என்ன செய்யப் போகிறோம்? யூரியாவுக்குக் கொடுத்த காசு காற்றில் போகாமல் இருக்கும். தொழுவத்து மாடு பிழைக்கும். இரண்டையும் பார்ப்போம்.

வாசலைத் திறப்பது யார்?

அந்த இலை வாசலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு உதடுகள் போல இரண்டு செல்கள் இருக்கின்றன. காலை வெளிச்சம் பட்டதும் பொட்டாசியம் இந்தச் செல்களுக்குள் போகிறது. அதன் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. செல்கள் காற்றடித்த டியூப் போல உப்புகின்றன. நடுவில் துளை திறக்கிறது. இருட்டியதும் பொட்டாசியம் வெளியே வந்துவிடும். செல்கள் துவளும். வாசல் மூடும்.

நாள்தோறும் இது நடக்கிறது. நம் முற்றத்து முருங்கையிலும் நடக்கிறது. சாம்பல் சத்து குறைந்த நிலத்தில் பயிர் வறட்சியைத் தாங்காது என்று சொல்வார்கள். அதற்கு ஒரு காரணம் இதுதான். வாசலைச் சரியாகத் திறக்கவும் மூடவும் அதனால் முடிவதில்லை.

கீரையை எப்போது பறிப்பது?

எங்கள் எழுத்தறிவு மையத்தில் கீரை விற்கும் ஓர் அக்கா படித்தார். ஒரு நாள் அவர் கேட்டார்: "தம்பி, விடியக்காலையில பறிச்ச கீரை நல்லதா, சாயங்காலம் பறிச்சது நல்லதா?"

பக்கத்தில் இருந்த பெரியவர், "இது என்னம்மா கேள்வி? விடியக்காலையில பறிச்சாத்தானே வாடாம இருக்கும்!" என்றார்.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

வேர் மண்ணில் இருந்து தழைச்சத்தை எடுக்கிறது. பெரும்பாலும் நைட்ரேட் என்ற உப்பாக எடுக்கிறது. அது தண்ணீரோடு சேர்ந்து இலைக்கு ஏறுகிறது. நைட்ரேட்டை அப்படியே வைத்துக்கொண்டு செடி வளர முடியாது. அரிசியைச் சோறாக்குவது போல நைட்ரேட்டைப் புரதமாக்க வேண்டும். அந்தச் சமையலுக்கு அடுப்பு வெயில்தான். பகலில் இலைக்குள் சமையல் மும்முரமாக நடக்கும். நைட்ரேட் குறையும். சர்க்கரை கூடும். இரவில் அடுப்பு அணைந்துவிடும். ஆனால் வேர் முழுவதும் ஓய்வதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நைட்ரேட் வந்துகொண்டே இருக்கும். ஆகவே விடியற்காலையில் இலையில் நைட்ரேட் அதிகம். நல்ல வெயில் அடித்த நாளின் பிற்பகலில் குறைவு.

சத்துக் கணக்கு மட்டும் பார்த்தால் பிற்பகல் பறிப்பு நல்லது. விற்பனைக் கணக்குப் பார்த்தால் விடியற்காலைப் பறிப்பு நல்லது. அப்போது இலையில் தண்ணீர் நிறைந்திருக்கும், வாடாது. நைட்ரேட் இருக்கிறதே என்று யாரும் கீரையை விட்டுவிட வேண்டாம். வீட்டுச் சமையலில் நாம் சாப்பிடும் அளவில் கீரை நல்லதே செய்கிறது. அந்த அக்காவிடம் நான் சொன்னது இதுதான்: சந்தைக்குக் காலையில் பறியுங்கள். உங்கள் வீட்டுக் குழம்புக்குச் சாயங்காலம் பறியுங்கள்.

அவர் சிரித்தார். "அப்போ வாங்குறவங்களுக்கு?" என்று கேட்டார்.

மனிதர்களுக்கு இது பெரிய ஆபத்து இல்லை. மாட்டுக்கு அப்படி இல்லை.

தீவனமே நஞ்சாகும் நேரம்

மாட்டின் பெரிய வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை நைட்ரேட்டை நைட்ரைட் என்ற பொருளாக மாற்றுகின்றன. அளவோடு இருந்தால் அந்த நைட்ரைட்டையும் மாற்றிச் சத்தாக்கிவிடும். அளவுக்கு மீறினால் நைட்ரைட் இரத்தத்தில் கலந்துவிடும். அப்போது இரத்தத்தால் மூச்சுக்காற்றைச் சுமக்க முடியாது. மாடு வேகமாக மூச்சு வாங்கும். தள்ளாடும். விழும். இரத்தம் காப்பித்தூள் நிறமாகிவிடும். சில மணி நேரத்தில் சாகலாம்.

எந்தத் தீவனத்தில் நைட்ரேட் அதிகம் சேரும்? யூரியாவோ சாணக் கரைசலோ அதிகம் போட்ட சோளம், கம்பு, மக்காச்சோளம், ஓட்ஸ், நேப்பியர் புல் ஆகியவற்றில் சேரலாம். நீண்ட வறட்சிக்குப் பிறகு மழை பெய்த சில நாட்களில் சேரும். அப்போது வேர் ஒரேயடியாக நைட்ரேட்டை உறிஞ்சும். இலை அதற்கு ஈடுகொடுக்க முடியாது. தொடர்ந்து சில நாள் மேகமூட்டமாக இருந்தாலும் சேரும். அடுப்பு எரியவில்லை, அரிசி மட்டும் வந்து குவிகிறது!

இலையைவிடத் தண்டில் நைட்ரேட் அதிகம். தண்டிலும் அடித்தண்டில் மிக அதிகம்.

ஆகவே சந்தேகமான பயிரை விடியற்காலையில் அறுத்து, பசியோடு நிற்கும் மாட்டுக்கு வயிறு நிறையப் போடாதீர்கள். நல்ல வெயில் அடித்த நாளில், பிற்பகலில் அறுங்கள். அடித்தண்டை ஒரு சாண் விட்டு அறுங்கள். முதலில் வைக்கோல் போட்டு மாட்டின் பசியைத் தணியுங்கள். பிறகு பசுந்தீவனத்தை வைக்கோலோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மழைக்குப் பிறகு என்றால் ஒரு வாரமாவது பொறுங்கள். பிற்பகலில் அறுத்துவிட்டோம், இனி பயமில்லை என்று இருந்துவிடக் கூடாது. நைட்ரேட் மிக அதிகம் சேர்ந்த பயிரில் ஒரு பகல் வெயில் போதாது.

இங்கே பலர் இரண்டு நஞ்சைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இளம் சோளப்பயிர் மாட்டைக் கொல்லும் என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். அது வேறு நஞ்சு. அதற்கு ஹைட்ரோசயனிக் அமிலம் என்று பெயர். பூக்கும் முன்பு உள்ள இளம் சோளத்திலும், வறட்சியில் வாடி மறுபடி துளிர்த்த சோளத்திலும் அது அதிகம். சோளத்தட்டையை நன்றாக வெயிலில் உலர்த்தினால் அந்த நஞ்சு பெரும்பாலும் போய்விடும். நைட்ரேட் அப்படிப் போகாது. உலர்ந்த தட்டையிலும் அது அப்படியே இருக்கும். "காயவைத்துத்தானே போட்டோம்" என்று சொல்லி மாட்டை இழந்தவர்கள் உண்டு.

சோளத்தின் சயனைடு நஞ்சில் மாட்டின் இரத்தம் முதலில் பளிச்சென்று சிவப்பாக இருக்கும். நைட்ரேட் நஞ்சில் பழுப்பாக இருக்கும். இரண்டுக்கும் மருந்து உண்டு. ஆனால் வேறு வேறு மருந்து. கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள். மாடு என்ன தின்றது, எப்போது தின்றது, எந்த வயலில் அறுத்தது என்று சொல்லுங்கள். தாமதம் செய்யாதீர்கள். கை வைத்தியம் செய்துகொண்டிருக்க இதில் நேரம் இல்லை.

நெல் வயலில் நண்பகல்

இப்போது மண்ணுக்கு வருவோம்.

நடவு முடிந்து சில வாரம் ஆன நெல் வயலைப் பாருங்கள். தண்ணீர் நிற்கிறது. தண்ணீரில் பச்சைப் பாசி படர்ந்திருக்கிறது. காலையில் பாசி அடியில் கிடக்கும். நண்பகலில் மேலே மிதந்து வரும். பாசிக்குள் சின்னச் சின்னக் குமிழிகள் தெரியும். அது ஆக்சிஜன். வெயிலில் பாசியும் சர்க்கரை செய்கிறது அல்லவா? அப்போது வெளிவிடும் காற்று அது.

சர்க்கரை செய்யப் பாசிக்குக் கரியமில வாயு வேண்டும். அதைத் தண்ணீரில் இருந்து எடுக்கிறது. கரியமில வாயு கரைந்த தண்ணீர் லேசான புளிப்புத் தன்மை உடையது. சோடாவைக் குடித்தவர்களுக்குத் தெரியும். பாசி அந்த வாயுவை எடுக்க எடுக்கத் தண்ணீரின் புளிப்பு குறைகிறது. காரம் ஏறுகிறது. மிளகாய்க் காரம் இல்லை. சுண்ணாம்பு, சோப்பு போன்றவற்றின் காரம்.

இதை அளக்க ஓர் அளவு உண்டு. பி.எச். என்று பெயர். மண் பரிசோதனை அட்டையில் பார்த்திருப்பீர்கள். 7 என்றால் நடுநிலை. 7-க்குக் கீழே போனால் அமிலம், புளித்தண்ணீர் போல. 7-க்கு மேலே போனால் காரம். சோப்புத் தண்ணீர் போல. நெல் வயலில் நிற்கும் தண்ணீரின் பி.எச். விடியற்காலையில் 7 அல்லது 8 இருக்கும். பாசி நிறைந்த வயலில் வெயில் காலத்தில் நண்பகலில் 9-ஐத் தாண்டும். 10 வரைகூடப் போகும். இரவில் பாசியும் வேரும் மண்ணில் உள்ள உயிர்களும் மூச்சு விடுகின்றன. கரியமில வாயு மறுபடி தண்ணீரில் சேர்கிறது. காரம் இறங்குகிறது. மறுநாள் மறுபடி ஏறுகிறது.

ஏறி இறங்கிவிட்டுப் போகட்டுமே, நமக்கென்ன என்று கேட்கலாம். அந்தத் தண்ணீரில்தான் நாம் யூரியாவை வீசுகிறோம்!

யூரியா தண்ணீரில் கரைகிறது. மண்ணில் உள்ள ஒரு நொதி அதைச் சில நாட்களில் அம்மோனியமாக மாற்றுகிறது. நெல்லின் வேர் அம்மோனியத்தை விரும்பி எடுக்கும். அதுவரை நல்லது. ஆனால் தண்ணீரில் காரம் ஏறினால் அம்மோனியம் அம்மோனியா வாயுவாக மாறும். மாட்டுத் தொழுவத்தில் மூக்கில் ஏறுமே ஒரு நெடி, அதே வாயு. பி.எச். 7 இருக்கும்போது 100-ல் ஒரு பங்குகூட வாயுவாக இருக்காது. 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாயு. நண்பகலில் வெயில் சுடுகிறது. காற்றும் வீசுகிறது. வாயு தண்ணீரை விட்டுக் கிளம்பிவிடும். நம் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இப்போது யூரியா மூட்டை 45 கிலோ. யூரியாவில் 100-க்கு 46 பங்கு தழைச்சத்து.

45 × 46 ÷ 100 = 20.7

ஒரு மூட்டையில் உள்ள தழைச்சத்து 20.7 கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்கு காற்றில் போனால் போவது 6.9 கிலோ. நிலைமை மோசமான வயலில் பாதிகூடப் போகும். பயிர் வெளுக்கிறதே என்று இன்னொரு மூட்டை வாங்குவோம். அதையும் நண்பகலில் தேங்கிய தண்ணீரில் வீசுவோம்.

வேறு என்ன செய்யலாம்?

வயலில் தண்ணீரை வடித்துவிட்டு, சேறாக இருக்கும்போது யூரியா போடலாம். போட்ட கையோடு களைக்கருவியை ஓட்டினால் உரம் சேற்றுக்குள் போய்விடும். பிறகு தண்ணீர் கட்டலாம். சேற்றுக்குள் போன அம்மோனியத்தை மண்துகள்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே நிற்கும் தண்ணீரில் நடக்கும் கூத்து அதைத் தொடாது. இதுதான் முக்கியம்.

மாலையில் போடுவது நண்பகலில் போடுவதைவிட மேல். இரவு முழுவதும் காரம் இறங்கி இருக்கும். ஆனால் மாலையில் போட்டால் மட்டும் போதாது. யூரியா அம்மோனியமாக மாறச் சில நாள் ஆகும். அதற்குள் பல நண்பகல் வந்துபோகும். நேரம் பாதி வேலை. சேற்றுக்குள் போவது மீதி வேலை.

"இப்போ வர்ற யூரியாவுல வேப்பெண்ணெய் பூசித்தானே வருது? அது போதாதா?" என்று ஒரு விவசாயி அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. 2015-ல் இருந்து நம் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. வேப்பெண்ணெய் என்ன செய்கிறது? அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துகிறது. நைட்ரேட்டாக மாறிவிட்டால் தண்ணீரோடு ஆழத்துக்கு இறங்கிப் போய்விடும். அந்த இழப்பை வேம்பு குறைக்கிறது. நண்பகலில் அம்மோனியா ஆவியாகப் போவதை அது தடுக்காது. இரண்டும் இரண்டு ஓட்டை. வேம்பு அடைப்பது ஒன்றைத்தான்.

அசோலா வளர்க்கும் வயலில் இன்னொரு நன்மை உண்டு. அசோலா தண்ணீரின் மேல் பாய் விரித்தது போல மூடிக்கொள்ளும். அடியில் உள்ள பாசிக்கு வெயில் கிடைக்காது. காரம் அவ்வளவு ஏறாது.

சிவந்த வேர், கறுத்த வேர்

ஒரு நெற்பயிரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். புது வேர் வெள்ளையாக இருக்கும். சற்று முதிர்ந்த வேர் செங்காவி நிறத்தில் இருக்கும். அது துரு. ஆணியில் பிடிக்கும் அதே துரு.

தண்ணீர் கட்டிய சேற்றுக்குள் காற்று கிடையாது. காற்று இல்லாத மண்ணில் இரும்பு கரைந்துவிடும். கரைந்த இரும்பு அதிகமானால் பயிருக்கு நஞ்சு. நெல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழாய்கள் உண்டு. மேலே இருந்து ஆக்சிஜன் அந்தக் குழாய் வழியாக வேருக்கு இறங்குகிறது. வேரில் இருந்து கொஞ்சம் மண்ணுக்கும் கசிகிறது. கசிந்த இடத்தில் இரும்பு துருவாகி வேரின் மேல் படிந்துவிடும். உள்ளே போகாது. பகலில் இலை ஆக்சிஜனை உண்டாக்குவதால் வேருக்கு வரும் காற்றும் கூடும். இரவில் குறையும். வேரைச் சுற்றி ஒரு நூல் தடிப்புள்ள மண்ணில் பகலில் ஒரு நிலை, இரவில் ஒரு நிலை. அதற்கு அரை விரல் தள்ளி உள்ள மண்ணில் எந்த மாற்றமும் இருக்காது.

வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை என்று பொருள். மண்ணில் உள்ள கந்தகம் நச்சு வாயுவாக மாறிவிட்டது. அப்போது உரம் போட்டுப் பயன் இல்லை. தண்ணீரை வடித்து வயலைக் காயவிட வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் முன்னோர் சொன்னது வேரை நினைத்துத்தான் போலும்.

மணி பார்க்கும் பார்லி

ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் பார்லி விளைகிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு நிறைய இருக்கும், ஆனால் கரையாது. வீட்டில் நெல் மூட்டை இருந்தும் குத்த உலக்கை இல்லாத கதை. பயிரின் இளம் இலை நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் மாறும்.

பார்லி என்ன செய்கிறது தெரியுமா? வேரில் இருந்து ஒரு பொருளைக் கசியவிடுகிறது. அந்தப் பொருள் மண்ணில் உள்ள இரும்பைக் கவ்விப் பிடிக்கும். பிறகு வேர் இரண்டையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜப்பானில் தகாகி என்ற ஆய்வாளர் 1970-களிலும் 1980-களிலும் இதை ஆராய்ந்தார். அவர் கண்ட வியப்பு இது: பார்லி நாள் முழுவதும் இதைக் கசியவிடுவதில்லை. சூரியன் உதித்துச் சில மணி நேரம் மட்டும்தான். பிறகு நிறுத்திவிடும்.

ஏன் அப்படி? மண்ணில் நுண்ணுயிர்கள் ஏராளம். கசியும் பொருளை அவை தின்றுவிடும். நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் அவ்வளவும் அவற்றுக்கே இரை. ஒரே நேரத்தில் மொத்தமாக விட்டால் அவை தின்று முடிக்கும் முன்பு இரும்பைப் பிடித்துவிடலாம். கோழிக்குத் தெரியாமல் தானியம் காயவைப்பது போலத்தான்! கோதுமையும் இந்த வழக்கம் உள்ள பயிர்தான்.

பயறு வகைகளிலும் ஒன்று பாருங்கள். உளுந்து அல்லது தட்டைப்பயறுச் செடியைப் பிடுங்கி, வேரில் உள்ள முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சிவப்புப் பொருளிலும் இரும்பு இருக்கிறது, நம் இரத்தத்தில் இருப்பது போலவே. முடிச்சுக்குள் உள்ள பாக்டீரியாவுக்குக் கூலி சர்க்கரை. வெயில் இல்லாமல் பல நாள் மூடிக் கிடந்தால் கூலி குறையும், வேலையும் குறையும்.

இலை நிற அட்டை

நெல்லுக்கு எப்போது மேலுரம் போடுவது என்று பார்க்க இலை வண்ண அட்டை இருக்கிறது. பச்சை நிறம் வெளுப்பில் இருந்து கருமை வரை பட்டைபட்டையாக இருக்கும். இலையை அதன் மேல் வைத்து ஒப்பிட வேண்டும். விலை அதிகம் இல்லை. உங்கள் பகுதி வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

காலை 8 மணியில் இருந்து 10 மணிக்குள் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் பாருங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் நிழல் இலை மேல் விழ வேண்டும். வெயில் பட்ட இலை வேறு நிறமாகத் தெரியும். ஒருவர் கண்ணும் இன்னொருவர் கண்ணும் வேறு. அதனால் முதலில் பார்த்தவரே கடைசிவரை பார்க்க வேண்டும். பத்து இலை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் இந்த வேலையைப் பெண்கள்தாம் சரியாகச் செய்கிறார்கள்.

செய்து பாருங்கள்

பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியரிடம் பி.எச். தாள் நான்கைந்து கேட்டு வாங்குங்கள். சின்னத் துண்டுத் தாள்தான். தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறும். அதனுடன் வரும் நிற அட்டையைப் பார்த்து எண்ணைச் சொல்லலாம்.

பாசி உள்ள நெல் வயலுக்குப் போங்கள். ஒரே இடத்தில் மூன்று வேளை தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். உங்கள் நோட்டில் இப்படி எழுதுங்கள்.

தேதி: ..........
வானம் (வெயில் / மேகம்): ..........
காலை 6 மணி: ..........
பகல் 1 மணி: ..........
மாலை 6 மணி: ..........

மேகமூட்டமான ஒரு நாளிலும் இதேபோல் செய்யுங்கள். இரண்டு நாள் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த நாளில் ஏற்றம் அதிகம்? ஏன்? அடுத்த கூட்டத்தில் எல்லாரும் அவரவர் நோட்டைப் படித்துக் காட்டுங்கள்.